ஆடுகிறவர் பணம் கட்டலாமா? விளையாட்டுச் சூதும் தண்டனையின் அளவும்

1. கேள்வி

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, கமுதிப் பக்கத்து மானாவாரிப் பூமியில் விளையாட்டுக்கென்று ஒரு காலம் உண்டு. தை, மாசியில் வெள்ளாமை வீடு வந்து, கண்மாயில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் ஊர்த் திருவிழாக்கள் வரும். அவற்றோடு மாட்டுவண்டிப் பந்தயம், மஞ்சுவிரட்டு, மின்னொளிக் கபடி எல்லாம் வரிசை கட்டும். இந்த ஆட்டங்களைச் சுற்றிப் பணம் புழங்குவது ஊரறிந்த செய்தி. வண்டிக்காரர் தம் மாட்டின்மேல் பணம் கட்டினால் இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. கட்டத் தயங்குகிறவரைப் பார்த்துத்தான் மாட்டுமேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்பார்கள். அதே மனிதர்கள், கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவர் தம் அணிமேல் பணம் கட்டியதாகச் செய்தி வந்தால் அவரை ஆயுள் முழுக்க ஆடவிடக் கூடாது என்பார்கள்.

ஒரே செயல், ஓரிடத்தில் துணிச்சல், இன்னோரிடத்தில் துரோகம். இப்படி ஆவதற்குக் காரணம் பழக்கம் மட்டுமா, அல்லது இரண்டு களங்களின் அமைப்பிலேயே வேறுபாடு இருக்கிறதா? தம் விளையாட்டின்மேல் பந்தயம் கட்டும் வீரரைத் தண்டிக்க வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த அளவுக்கு என்பதைப் பேசுமுன் இதற்கு விடை தேட வேண்டியிருக்கிறது.

இதுபற்றிப் பொதுவாக இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. சூது எந்த வடிவில் வந்தாலும் பாவம், வீரர் செய்தால் இரட்டைப் பாவம் என்பது ஒன்று. திருக்குறள் சூதுக்குத் தனி அதிகாரம் ஒதுக்கியிருப்பதையும் தருமன் நாட்டை இழந்த கதையையும் இத்தரப்பினர் துணைக்கு அழைப்பார்கள். தோற்பதற்குக் காசு வாங்கினால்தான் குற்றம், தன் வெற்றிமேல் தானே பணம் வைப்பதில் யாருக்கு என்ன நட்டம் என்பது மற்றொன்று. முதல் கருத்து, பந்தயம் கட்டும் பார்வையாளருக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அழித்துவிடுகிறது. இரண்டாவது, சூதாட்டச் சந்தை நடக்கும் முறையைக் கணக்கில் எடுப்பதில்லை. வீரருக்குத் தடை முழுமையாக இருக்க வேண்டும், தண்டனை மட்டும் தவற்றின் தன்மைக்கேற்ப ஏறி இறங்க வேண்டும் என்பது என் நிலை. அதற்கான காரணங்களை நம் களத்திலிருந்தே தொடங்கலாம்.

2. கயிறு யார் கையில்?

தென் மாவட்டத்து மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டின் அளவை வைத்துப் பிரிவுகள் உண்டு. பிரிவுக்கொரு தூரம், இன்றும் மைல் கணக்கில்தான் சொல்கிறார்கள். உரிமையாளர் நுழைவுக் கட்டணம் செலுத்தி வண்டியை இறக்குகிறார். ஊர்க்காரர்களும் செலவேற்பவர்களும் தரும் தொகை பரிசாக நிற்கிறது. கட்டணம் கட்டி வண்டியை இறக்குவதே ஒருவகையில் தன் வெற்றியின்மேல் பணம் வைப்பதுதான்.

ஆனால் வண்டியில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் உரிமையாளர் இல்லை. சாரதியும் துணைச் சாரதியும் இருக்கிறார்கள். கயிறு சாரதி கையில். ஒரு திருப்பத்தில் கயிற்றை ஒரு நொடி கூடுதலாக இழுத்துப் பிடித்தால் மாடு பின்தங்கிவிடும். மாடு களைத்ததா, சாரதி இழுத்தாரா என்று சாலையோரம் நிற்பவரால் சொல்ல முடியாது. உரிமையாளர் பணம் கட்டும்போது அவருடைய நலனும் மாட்டின் ஓட்டமும் ஒரே திசையில் போகின்றன. சாரதி எதிர்வண்டிமேல் பணம் கட்டினால் கயிறு ஒரு திசையிலும் பணம் இன்னொரு திசையிலும் இழுக்கும். கைநீட்டினார் என்ற சந்தேகம் ஒருமுறை விழுந்த சாரதியை அடுத்த பந்தயத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? விசாரணைக் குழுவும் இல்லை, எழுதிய விதியும் இல்லை. தண்டனை மட்டும் உண்டு.

கிராமம் எழுதாமல் வைத்திருக்கும் இதே பாகுபாட்டைக் குதிரைப் பந்தயம் எழுதி வைத்திருக்கிறது. குதிரையின் உரிமையாளர் தம் குதிரைமேல் பணம் கட்டலாம். குதிரையை ஓட்டும் ஜாக்கி எந்தக் குதிரைமேலும் கட்டக் கூடாது. பல நாடுகளில் பந்தயக் கழகங்கள் கடைப்பிடிக்கும் விதி இது. கிண்டிப் பந்தயத்தைத் தமிழ்நாடு அரசு 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்க முயன்றது. 1996 ஜனவரியில் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமை சார்ந்தது, அதன்மேல் பணம் கட்டுவது சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. பார்வையாளர் பணம் கட்டுவது சட்டத்துக்கு உட்பட்டது என்று ஆன பிறகும் ஜாக்கிக்கான தடை தளரவில்லை. பொதுமக்களுக்குச் சூது அனுமதிக்கப்பட்டால் வீரருக்கும் அனுமதிக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். வீரருக்கான தடையின் அடிப்படை, சூது சட்டத்துக்கு விரோதமா இல்லையா என்பதில் தங்கியிருக்கவில்லை. கயிறு அவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சேவல்கட்டு இந்தப் பாகுபாட்டுக்குள் அடங்காது. அங்கே வளர்ப்பவர், பழக்குபவர், களத்தில் விடுபவர், பணம் கட்டுபவர் எல்லோரும் ஒருவரே. உரிமையாளரும் சாரதியும் ஒரே உடம்பில் இருக்கிறார்கள். வெற்றிமாறன் இயக்கி 2011இல் வெளிவந்த ‘ஆடுகளம்’ படத்தில், குருநாதர் கழித்துக்கட்டச் சொன்ன சேவலை நம்பிக் களமிறங்குகிறான் கருப்பு. திரையரங்கு முழுக்க அவன் பக்கம்தான் நின்றது. தன் சேவல்மேல் தானே பணம் வைப்பதைத் தமிழ்ப் பார்வையாளர் எப்படிப் பார்க்கிறார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். சேவல்கட்டில் ஒரு காப்பும் இருக்கிறது. பல இடங்களில் தோற்ற சேவல் ஜெயித்தவருக்குப் போய்விடும்; கொங்குப் பகுதியில் அதைக் கோச்சை என்பார்கள். வேண்டுமென்றே தோற்கிறவர் மாதக் கணக்கில் தீனி போட்டு வளர்த்த சேவலை இழக்க வேண்டும். வெளிப் பந்தயத்தின் தொகை சேவலின் மதிப்பைத் தாண்டாத வரைக்கும் இந்தக் காப்பு வேலை செய்யும். தாண்டிவிட்டால் செய்யாது.

சேவல்கட்டை நான் நியாயப்படுத்துவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விலங்குகளை மோதவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஊர்க் களத்தில் யார் யாரோடு எவ்வளவு கட்டினார் என்பது நாலு பேர் முன்னால் நடக்கிறது. கைபேசியில் இன்னொரு ஊரில் இருக்கும் புக்கியிடம் கட்டும் பணத்துக்கு அந்த நாலு பேர் சாட்சி கிடையாது. கிராமத்து வழக்கத்தைக் காட்டி நவீன விளையாட்டின் விதியைத் தளர்த்தச் சொல்லும் வாதம் இந்த இடத்தில் முறிந்துவிடுகிறது.

3. சென்னை அணியும் ஒரு ‘ஆர்வலரும்’

இந்தக் கேள்வி தமிழ்நாட்டின் வாசலுக்கு வந்தது 2013 மே மாதத்தில். 16ஆம் தேதி ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் ஸ்ரீசாந்த், அஜித் சண்டிலா, அங்கீத் சவான் ஆகியோரை ஸ்பாட் பிக்சிங் குற்றச்சாட்டில் டெல்லி காவல்துறை கைது செய்தது. ஒரு வாரம் கழித்து மும்பை காவல்துறை குருநாத் மெய்யப்பனைக் கைது செய்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் உரிமை இந்தியா சிமெண்ட்ஸிடம் இருந்தது. அதன் நிர்வாக இயக்குநர் என். சீனிவாசன் அப்போது இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவரும்கூட. குருநாத் அவருடைய மருமகன்.

குருநாத் மைதானத்தில் இறங்கி ஆடியவர் இல்லை. வீரரைப் பற்றிய கட்டுரையில் அவர் எதற்கு என்று கேட்கலாம். ஆட்டக்காரர்கள் கூடும் அறைக்குள் போய்வரும் உரிமையும் அணியின் திட்டங்களை முன்கூட்டியே அறியும் வாய்ப்பும் அவருக்கு இருந்தன. தடை விதி அஞ்சும் ஆபத்தும் அதுதான். நீதிபதி முகுல் முத்கல் தலைமையிலான குழு 2014 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. குருநாத் அணியோடு ஒட்டிக்கொண்டிருந்த ஓர் ஆர்வலர் மட்டுமே என்ற அணித் தரப்பு வாதத்தை அது ஏற்கவில்லை. அவர் அணியின் பொறுப்பாளர், பந்தயம் கட்டினார், அணித் தகவல்களையும் வெளியே சொன்னார் என்று முடிவுகட்டியது. ஆட்ட முடிவையே மாற்ற அவர் முயன்றதாகக் குழுவின் அடுத்த அறிக்கையிலும் நிறுவப்படவில்லை.

நீதிபதிகள் ஆர்.எம். லோதா, அசோக் பான், ஆர்.வி. ரவீந்திரன் அடங்கிய குழு 2015 ஜூலை 14 அன்று தண்டனையை அறிவித்தது. குருநாத்துக்கும் ராஜஸ்தான் அணியின் இணை உரிமையாளர் ராஜ் குந்த்ராவுக்கும் கிரிக்கெட் நிர்வாகத்தோடு தொடர்புகொள்ள ஆயுள் தடை. சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு 2 ஆண்டு இடைநீக்கம். குருநாத் பந்தயத்தில் சுமார் 60 லட்சம் ரூபாய் இழந்தவர் என்பதும் குழுவின் முன் இருந்தது. உள்ளிருந்து தகவல் பெற்றவரும் தோற்கத்தான் செய்தார். லாபம் பார்த்தாரா என்பதைத் தண்டனையின் அளவுகோலாகக் குழு கொள்ளவில்லை. சரியான முடிவுதான் அது.

அணி இடைநீக்கத்தைப் பற்றி என்னால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சென்னை அணியின் ஆட்டக்காரர்கள் எந்தத் தவறும் செய்யாமலே 2016, 2017 ஆண்டுகளில் புனே, குஜராத் அணிகளிலும் பிற இடங்களிலும் சிதறினார்கள். பெயர்பெற்றவர்களுக்கு வேறு அணி கிடைத்தது. உரிமையாளர் தரப்பின் தவற்றுக்கு ஆட்டக்காரரும் விலை கொடுத்தார் என்ற குறை நிற்கிறது. ஆனாலும் மேலிடத்தைத் தொடாமல் 3 பந்துவீச்சாளர்களோடு விஷயத்தை முடித்திருந்தால் இதைவிடப் பெரிய அநீதியாக இருந்திருக்கும். வாரிய நிர்வாகிகள் ஐபிஎல் அணிகளைச் சொந்தமாக வைத்துக்கொள்ள இடம்தந்த விதித் திருத்தத்தை 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. என் பார்வையில் அந்த வழக்கின் பெரிய பயன் அதுதான். தண்டனைகளைவிட அது நீண்ட காலம் நிற்கும்.

4. ‘ஜெயிப்போம் என்றுதானே கட்டினேன்?’

இனி எதிர்வாதத்தின் வலுவான வடிவத்தைப் பார்க்கலாம். 1981 ஜூலையில் இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானத்தில் ஆஸ்திரேலியா வெற்றியின் விளிம்பில் இருந்தது. இங்கிலாந்து ஜெயித்தால் 1க்கு 500 என்று பந்தய நிறுவனம் விகிதம் காட்டியது. ஆஸ்திரேலிய அணியின் டென்னிஸ் லில்லி 10 பவுண்டும் ராட் மார்ஷ் 5 பவுண்டும் எதிரணிமேல் கட்டினார்கள். இயான் போதம் ஆட்டமிழக்காமல் 149 ஓட்டம் எடுத்தார்; பாப் வில்லிஸ் 8 விக்கெட் வீழ்த்தினார்; இங்கிலாந்து 18 ஓட்டத்தில் ஜெயித்தது. இருவருக்கும் எந்தத் தண்டனையும் இல்லை. அவர்கள் வேண்டுமென்றே தோற்றதாக அவர்களோடு ஆடியவர்கள் யாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

ஆனால் நம்பிக்கை என்பது அவர்களை அறிந்தவர்களுக்கு மட்டுமே சாத்தியம். மார்ஷ் ஒரு கேட்சைத் தவறவிட்டிருந்தால்? அது தவறுதான் என்று எதை வைத்து நிறுவுவது? எதிரணிமேல் 5 பவுண்டு கட்டிய நொடியிலிருந்து அவருடைய ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு விளக்கங்கள் கிடைத்துவிடுகின்றன. பார்வையாளர் நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த காசு, பிழை பிழைதான் என்ற உறுதிக்கும் சேர்த்துத்தான். தொகை சிறிது என்பதால் அந்த உறுதி குறைவாக உடைவதில்லை. இன்றைய விதிகளின்படி அந்த 10 பவுண்டுக்கு லில்லி நீண்ட காலம் வெளியே இருந்திருப்பார்.

தன் அணி ஜெயிக்கும் என்று கட்டியவர் அமெரிக்கப் பேஸ்பாலின் பீட் ரோஸ். சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் மேலாளராக இருந்தபோது தம் அணிமேலேயே பணம் கட்டினார். 1989 ஆகஸ்டில் நிரந்தரத் தடை. தோற்பதற்காக ஒருபோதும் கட்டவில்லை என்பது அவருடைய தற்காப்பு. அதை மறுக்கும் சான்று வெளிவரவில்லை. கேட்க நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ஒரு மேலாளர் திங்கள் ஆட்டத்தில் பணம் கட்டிவிட்டுச் செவ்வாய் ஆட்டத்தில் கட்டாமல் விட்டால், செவ்வாய் குறித்து அவருக்கு நம்பிக்கை இல்லை என்ற செய்தி புக்கிக்குப் போய்விடுகிறது. பணம் கட்டிய ஆட்டத்தில் களைத்த பந்துவீச்சாளரை இன்னும் கொஞ்சம் வீசச் சொல்லத் தோன்றும். அந்த இளைஞரின் தோள்பட்டைக்கு யார் ஈடு தருவது? மூன்றாவது காரணம் எல்லாவற்றையும்விடக் கனமானது: கடன். தொடர்ந்து கட்டுகிறவர் ஒருநாள் தோற்பார். புக்கிக்குக் கடன்பட்ட வீரரிடம் புக்கி பணத்தைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஓர் ஓவர் கேட்டால் போதும்.

இந்த மூன்றாவது காரணம் இந்தியாவில் பன்மடங்காகிறது. இங்கிலாந்தில் வீரர் பதிவுபெற்ற நிறுவனத்தில் தம் பெயரிலேயே கட்டுகிறார்; கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் பிரைடன் கார்ஸ் 2017க்கும் 2019க்கும் இடையில் கிரிக்கெட்மேல் 303 முறை பந்தயம் கட்டியதைத் துல்லியமாக எண்ணிச் சொல்ல முடிந்தது. அவற்றில் எதுவும் அவர் ஆடிய ஆட்டம் இல்லை. 2024இல் 16 மாதத் தடை விதித்து, அதில் 13 மாதத்தை நிறுத்திவைத்து, 3 மாதம் மட்டும் வெளியே வைத்தார்கள். நம் ஊரில் கிரிக்கெட் பந்தயம் முழுக்கக் கள்ளச் சந்தை. இங்கே கட்டும் வீரர் முதல் ரூபாயிலேயே குற்றவாளி ஒருவரின் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைகிறார். அந்தப் புத்தகம் எந்த விசாரணைக்கும் கிடைப்பதில்லை. மிரட்டலுக்கு மட்டும் பயன்படும்.

ஆகவே ‘ஜெயிக்கத்தானே கட்டினேன்’ என்பதைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாக ஏற்கலாம். விடுதலைக்குக் காரணமாக ஏற்க முடியாது.

5. சட்டம் எங்கே நிற்கிறது?

சட்டத்தின் பக்கம் போனால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. கர்நாடக பிரீமியர் லீக் வழக்கில் 2022 ஜனவரியில் அந்த மாநில உயர் நீதிமன்றம், ஆட்டத்தை முன்கூட்டியே முடிவு செய்வது இந்திய தண்டனைச் சட்டம் 420ஆம் பிரிவின் மோசடிக்குள் வராது என்றது. வாரியம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்துக்கொள்ளலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தவும் ஆட்ட மோசடியைத் தனிக் குற்றமாக்கவும் 2018இலேயே இந்தியச் சட்ட ஆணையம் தன் 276ஆவது அறிக்கையில் பரிந்துரைத்திருந்தது. நடக்கவில்லை. இலங்கை 2019இல் விளையாட்டுக் குற்றங்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றி 10 ஆண்டுவரை சிறை வைத்தது. தெற்காசியாவில் அப்படிச் செய்த முதல் நாடு அது.

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் சூதாடுகிறவருக்கும் 3 மாதம்வரை சிறை வைத்திருக்கிறது. 2025ஆம் ஆண்டு மத்திய இணைய விளையாட்டுச் சட்டம் ஆடுகிறவரை விட்டுவிட்டு, ஆட்டத்தை நடத்துகிறவரையும் விளம்பரம் செய்கிறவரையும் குறிவைக்கிறது. இரண்டுமே பந்தயம் கட்டியவர் ஆட்டக்காரரா, பார்வையாளரா என்று கேட்பதில்லை. கயிறு யார் கையில் என்ற கேள்வியைச் சட்டம் கேட்காததால், அதைக் கேட்கும் பொறுப்பு முழுவதும் விளையாட்டுச் சங்கங்களின் தலையில் விழுகிறது. சங்கங்களோ சில சமயம் அளவு தெரியாமல் அடிக்கின்றன, சில சமயம் கண்ணை மூடிக்கொள்கின்றன.

6. எவ்வளவு தண்டனை?

அளவு தெரியாமல் அடித்ததற்கு ஸ்ரீசாந்த் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2015 ஜூலையில் டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. வாரியம் ஆயுள் தடையை விலக்கவில்லை. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வாரியத்துக்குத் தண்டிக்கும் உரிமை உண்டு, ஆனால் ஆயுள் தடை அளவு மீறியதா என்பதை மறுபடி பார்க்க வேண்டும் என்று சொன்னது. தடை 7 ஆண்டாகக் குறைந்து 2020 செப்டம்பரில் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 37. வேகப்பந்து வீச்சாளருக்கு 7 ஆண்டும் ஆயுளும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னாள் இந்திய அணித்தலைவர் அசாருதீனுக்கு ஆட்ட மோசடிக்காக 2000ஆம் ஆண்டு விதித்த ஆயுள் தடையை ஆந்திர உயர் நீதிமன்றம் 2012இல் சட்டவிரோதம் என்றபோது அவருக்கு ஆடும் வயது எப்போதோ கடந்திருந்தது. முறையாக விசாரிக்காமல் பெரிய தண்டனை விதித்தால் நிரபராதிக்கும் நீதி இல்லை, குற்றவாளி மீதான குற்றமும் நிறுவப்படுவதில்லை.

பந்தயமே கட்டாதவருக்கும் தண்டனை உண்டு. வங்கதேசத்தின் ஷகிப் அல் ஹசன், புக்கி தம்மை அணுகியதை மறைத்ததற்காக 2019 அக்டோபரில் 2 ஆண்டுத் தடை பெற்றார். அதில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டக்காரர்கள் சிலர், அடையாளம் தெரியாதவர்களிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்ததாகத் தாங்களே முன்வந்து தெரிவித்தார்கள். இந்திய வாரியத்தின் அப்போதைய ஊழல் தடுப்புப் பிரிவுத் தலைவர் அஜித் சிங் ஷெகாவத் அதை உறுதிப்படுத்தினார். மறைத்த உலகப் புகழ்பெற்றவர் தண்டிக்கப்பட்டார். மாவட்ட அணிகளில் ஆடும் இளைஞர்கள் சொன்னார்கள். சொன்னவருக்குக் காப்பு இருக்கும் இடத்தில்தான் சொல்லாதவரைத் தண்டிப்பது நியாயம்.

இன்னொன்று, நோய். இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஐவன் டோனி 232 முறை விதி மீறியதற்காக 2023இல் 8 மாதத் தடை பெற்றார். அவருக்குச் சூதாட்ட அடிமைத்தனம் இருப்பதாக மருத்துவர் சொன்னதைக் கணக்கில் எடுத்துத் தண்டனையைக் குறைத்தார்கள். இணைய ரம்மியில் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைத் தொடர்ந்து படித்த தமிழ்நாட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தானாக வந்து ஒப்புக்கொள்ளும் வீரருக்குச் சிகிச்சையும் குறைந்த தண்டனையும் என்று விதியிலேயே எழுதிவைப்பது இரக்கமும் ஆகும், துப்பறியும் உத்தியும் ஆகும்.

இந்த இடத்தில் விளம்பரத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பல ஆண்டுகளாகக் கற்பனை அணி விளையாட்டு நிறுவனங்களின் முகமாக இருந்தவர்கள் கிரிக்கெட் நட்சத்திரங்கள்தான். இந்திய அணியின் சட்டையிலேயே அப்படியொரு நிறுவனத்தின் பெயர் 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வரும்வரை இருந்தது. வெளிநாட்டுப் பந்தயத் தளம் ஒன்றின் விளம்பரம் தொடர்பாக அதே ஆண்டு அமலாக்கத் துறை முன்னாள் வீரர்கள் சிலரை விசாரணைக்கு அழைத்தது. ஆட்டக்காரர் 500 ரூபாய் கட்டினால் ஒழுக்கக்கேடு, லட்சக்கணக்கானவர்களைக் கட்டச் சொல்லிக் கோடி வாங்கினால் ஒப்பந்தம் என்ற நிலையில் சங்கத்தின் தண்டனைக்கு எந்தத் தார்மீக பலமும் கிடையாது.

திருச்சுழிப் பக்கத்துக் கபடி ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். இரவு முழுக்க விளக்கு வெளிச்சத்தில் ஆடி, அணி ஜெயித்தால் கிடைக்கும் பரிசைப் பங்கு பிரித்தால் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சுவது சொற்பம். மழையை நம்பிய ஏழெட்டு ஏக்கரும் கரிமூட்டமும் பஞ்சாலை ஷிப்டும்தான் குடும்பத்தின் வருமானம். அவர் ஆடுவது கோப்பைக்காக மட்டும் இல்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரருக்கான 3 விழுக்காடு ஒதுக்கீடும் காவல்துறை அணியில் ஓர் இடமும் அவருடைய கனவு. ஐபிஎல் வீரருக்கு 2 ஆண்டுத் தடை என்றால் வருமான இழப்பு; இவருக்கு 2 ஆண்டுத் தடை என்றால் வயது வரம்பு தாண்டி வேலை போயிற்று. ஒரே விதி, ஒரே கால அளவு, விளைவு மட்டும் மலைக்கும் மடுவுக்கும். தண்டனையை மாதத்தில் அளக்கும் சங்கங்கள் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

7. முடிவு

தன் விளையாட்டின்மேல், எந்த அணியின்மேலும், எந்தத் தொகையானாலும் வீரர் பந்தயம் கட்டக் கூடாது. இந்தத் தடையில் விதிவிலக்கு வேண்டாம். சூது நாளை சட்டப்படி அனுமதிக்கப்பட்டாலும் வேண்டாம். சூதைச் சட்டத்துக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்த லோதா குழுவும் ஆட்டக்காரர்களையும் நிர்வாகிகளையும் அதற்கு வெளியேதான் நிறுத்தியது.

தண்டனையில் படிகள் வேண்டும். தான் ஆடாத ஆட்டத்தில் கட்டியவருக்கு எச்சரிக்கையிலும் சில மாதத் தடையிலும் தொடங்கலாம். தான் ஆடும் ஆட்டத்தில், ஜெயிக்கத்தான் என்றாலும், கட்டியவருக்கு ஆண்டுக் கணக்கில் தடை. தனக்கெதிராகக் கட்டியவருக்கும் காசுக்காக ஆட்டத்தை விற்றவருக்கும் ஆயுள் தடையும், நாடாளுமன்றம் இயற்ற வேண்டிய தனிச் சட்டத்தின்படி சிறையும். வெறுமனே பந்தயம் கட்டிய வீரரைச் சிறைக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டுச் சட்டம் சூதாடுகிறவருக்கு வைத்திருக்கும் 3 மாதச் சிறையை நீக்குவதே முறை. உரிமையாளரும் நிர்வாகியும் அதே தவற்றைச் செய்தால் அவர்களுடைய படி ஆட்டக்காரருடையதைவிட ஒன்று மேலே தொடங்க வேண்டும்.

மாநில கிரிக்கெட், கபடிச் சங்கங்களுக்கும் மாவட்டக் கிளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பருவம் தொடங்குமுன், எது குற்றம், யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் என்ன பாதுகாப்பு என்பதை ஒரு பக்கத் தாளில் நல்ல தமிழில் அச்சிட்டு, அருப்புக்கோட்டைப் பள்ளி மைதானத்தில் ஆடும் பதினாறு வயதுப் பிள்ளையின் கை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். விதியை வீரருக்குப் புரியும் மொழியில் சொல்லாத சங்கம் அவருக்கு ஆயுள் தடை விதிக்கத் தகுதியற்றது.